கப்பலில் தோற்ற ஐடியா, குழாயில் ஜெயித்த கதை: யார் இந்த ஹம்ப்ரி டேவி?

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2013-ல் திறக்கப்பட்ட முதல் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இரண்டாவது ஆலையின் திறன் 15 கோடி லிட்டர். இந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் புதைத்த குழாய்கள் வழியாகத்தான் தென்சென்னைப் பகுதிகளுக்கு வருகிறது.

அந்த மண் எப்படிப்பட்டது? ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் உப்பு ஏறிய மணல், கொஞ்சம் தோண்டினாலே ஊறும் நிலத்தடி நீர். இரும்பைப் புதைத்து வைக்க இதைவிட மோசமான இடம் கிடைப்பது கஷ்டம். உள்ளே செங்கல்பட்டு பக்கம் போனால் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே ஏரிகளைச் சுற்றிக் களிமண், அதற்குப் பக்கத்திலேயே செம்மண், சரளை. ஒரே குழாய் சில கிலோமீட்டருக்குள் நாலு விதமான மண்ணைக் கடந்து போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் குழாய் ஏன் அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு இன்று பொறியாளர்கள் சொல்லும் பதிலின் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கைச் செய்தவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போமே, அவரேதான். ஆனால் அரிப்பைத் தடுக்கும் அந்த யோசனை, அவர் வாழ்ந்த காலத்தில் ஊரே சிரித்த தோல்வி. அந்தக் கதை என்ன?

அப்பா விட்டுப்போன கடன்

1778 டிசம்பர் 17-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியின் பென்சான்ஸ் என்ற கடற்கரை ஊரில் டேவி பிறந்தார். அப்பா மரச் சிற்ப வேலை செய்பவர். ஐந்து பிள்ளைகளில் டேவிதான் மூத்தவர். 1794-ல் அப்பா இறந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தது கடன்தான். அம்மா பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்.

கல்லூரிக்குப் போகும் வசதி டேவிக்கு இல்லை. 1795-ல் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மருந்து இடிப்பது, கலக்குவதுதான் வேலை. 1797-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரின் வேதியியல் புத்தகம் கையில் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, கிடைத்த பாத்திரம், குப்பி, குழாய்களை வைத்து வீட்டு மாடியிலேயே சோதனைகளை ஆரம்பித்துவிட்டார்.

கார்ன்வால் தாமிரச் சுரங்கங்களுக்குப் பேர்போன இடம். பக்கத்திலிருந்த ஹெய்ல் துறைமுகத்தில் மதகுக் கதவுகள் வழக்கத்தைவிட வேகமாக அரித்துப்போயின. அங்கே இரும்பும் தாமிரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடல்நீரில் கிடந்தன. இரண்டு உலோகம் சேர்ந்தால் ஒன்று ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது? இளைஞன் டேவியின் கவனத்துக்கு இந்த விஷயம் வந்தது. அப்போது அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பேட்டரியே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. டேவிக்கே அந்தப் பதில் கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

பேட்டரி கொடுத்த உலோகங்கள்

1798-ல் டேவி பிரிஸ்டல் நகருக்குப் போனார். வாயுக்களை வைத்து நோய் தீர்க்க முடியுமா என்று பார்க்கும் ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தில் வேலை. அங்கே நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். சிரிப்பு வாயு என்று நாம் சொல்வது அதைத்தான். வலியைக் குறைக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று 1800-ல் எழுதியும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மயக்க மருந்தாக அது பயன்பாட்டுக்கு வர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதே 1800-ல் இத்தாலியில் வோல்டா உலகின் முதல் பேட்டரியை அறிவித்தார். இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகள், நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் மின்சாரம் வரும். டேவிக்கு இது பொறி தட்டிய மாதிரி. வேதிவினையிலிருந்து மின்சாரம் வருகிறது என்றால், மின்சாரத்தைக் கொடுத்து வேதிவினையை நடத்தவும் முடியும்தானே?

1801-ல் லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சேர்ந்தார். பேச்சில் மன்னர். அவர் உரை கேட்க லண்டனின் பணக்காரக் கூட்டம் குதிரை வண்டிகளில் வந்து குவிந்தது. 1807-ல் பெரிய பேட்டரியை வைத்து பொட்டாசியம், சோடியம் இரண்டையும் முதன்முறையாகத் தனியே பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், மக்னீசியம். இதில் மக்னீசியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் அது நம்மூர் மண்ணுக்குள் வரும்.

அப்போது இங்கிலாந்தும் பிரான்ஸும் போரில் இருந்தன. ஆனாலும் பிரெஞ்சு அறிவியல் அமைப்பு டேவிக்குப் பரிசு அறிவித்தது. 1812-ல் சர் பட்டம் கிடைத்தது, கல்யாணமும் ஆனது. அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் கண்ணில் அடிபட, எழுத்து வேலைக்கு ஒரு பையன் தேவைப்பட்டான். வந்தவர் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்த மைக்கேல் ஃபாரடே. 1813-ல் டேவியின் உதவியாளராக அவருக்கு நிரந்தர வேலையே கிடைத்தது. பின்னாளில் குருவையே மிஞ்சியவர். 1824-ல் ஃபாரடேவை ராயல் சொசைட்டியில் சேர்ப்பதை டேவியே எதிர்த்தார் என்பது அவர் வாழ்க்கையின் அழகில்லாத பக்கம்.

1815-ல் வந்தது பாதுகாப்பு விளக்கு. சுரங்கத்தில் மீத்தேன் வாயு தீப்பிடித்து வெடிக்காமல் இருக்க, விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை போட்டார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் ஆனார். மரவேலைக்காரர் மகன், கல்லூரி வாசலை மிதிக்காதவர், 41 வயதில் நாட்டின் அறிவியல் உலகத்துக்கே தலைவர்.

கடற்படை கேட்ட கேள்வி

அந்தக் காலத்துப் போர்க்கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடல்நீருக்குள் இருக்கும் அடிப்பாகத்தை மரம் துளைக்கும் புழுக்கள் சல்லடை ஆக்கிவிடும். பாசியும் கொட்டலசுகளும் (மீன்பிடி படகின் அடியில் வெள்ளையாக, கரடுமுரடாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அவைதான்) அடுக்கடுக்காக ஒட்டி வேகத்தைக் குறைக்கும். இதற்காக 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை கப்பலின் அடியில் தாமிரத் தகடு அடித்து வந்தது. புழு வராது, பாசியும் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் தாமிரம் சில ஆண்டுகளிலேயே அரித்துப் போய்விடும். தகட்டை மாற்றுவது பெரிய செலவு.

1823-ல் கடற்படை நிர்வாகம் ராயல் சொசைட்டியிடம் போனது. தாமிரம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்று கேட்டது. டேவி தானே களத்தில் இறங்கினார்.

அதுவரை பலரும் நம்பிய காரணம், தாமிரத்தில் கலப்படம் இருக்கிறது, சரக்கு சரியில்லை என்பதுதான். இன்றைக்கும் பைப் உடைந்தால் முதலில் வரும் பேச்சு இதுதானே? டேவி அதை நம்பி உட்காரவில்லை. வெவ்வேறு தாமிரத் தகடுகளை எடுத்துக் கடல்நீரில் போட்டுப் பார்த்தார். சுத்தமான தாமிரமும் அரித்தது. தண்ணீரிலிருந்து காற்றை நீக்கிவிட்டால் அரிப்பு நின்றது. ஆக, வேலையைக் காட்டுவது கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். உப்பு அதற்குத் துணை. உலோகத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது இருக்கும் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தச் சோதனையில் தெளிவானது.

அடுத்துதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். வேதிவினையும் மின்சாரமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் என்று அவருக்குத் தெரியும். அரிப்பு நடக்கும்போது தாமிரம் மின் ரீதியாக ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கிறது. அந்த நிலையைக் கொஞ்சம் மாற்றிவிட்டால்? தாமிரத்தைவிட எளிதில் கரையக்கூடிய துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு ஒட்டிவைத்தால், அந்த உலோகம் கரையும். அதிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் தாமிரத்தைக் கரையவிடாமல் காக்கும். (எலக்ட்ரான் என்ற சொல் அப்போது கிடையாது. இது இன்றைய மொழியில் சொன்ன விளக்கம்.) ஹெய்ல் மதகில் இரும்பு ஏன் சீக்கிரம் அரித்தது என்பதற்கும் இதுதான் பதில். அங்கே இரும்பு தன்னை அழித்துக்கொண்டு தாமிரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் இதை அறிவித்தார். சின்னத் துண்டுத் துத்தநாகம், அல்லது ஒரு இரும்பு ஆணி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய தாமிரத் தகட்டைக் காப்பாற்றியது. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் தாமிரத் தகடுகளை வாரக்கணக்கில் தண்ணீரில் விட்டு, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார். காவல் உலோகத்தின் பரப்பு தாமிரத்தில் 40-ல் 1 பங்கு முதல் 1,000-ல் 1 பங்கு வரை பல அளவுகள். பங்கு போதுமான அளவு இருந்தால் தாமிரத்துக்கு இழப்பே இல்லை. குறையக் குறைய இழப்பு கூடியது. இது யூகம் இல்லை, தராசில் நிறுத்த கணக்கு.

இன்று எதிர்மின்முனைப் பாதுகாப்பு அல்லது கதோடிக் புரொடெக்‌ஷன் என்று சொல்லப்படும் தொழில்நுட்பம் பிறந்தது இப்படித்தான்.

கொச்சியில் கட்டிய கப்பல்

முதலில் சோதித்த பெரிய கப்பல்களில் ஒன்றுக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. ஹெச்.எம்.எஸ். சமராங் என்ற 28 பீரங்கிக் கப்பல் கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. தாமிரத் தகடு அடித்ததும் இந்தியாவில்தான், 1821-ல். 1824 வசந்த காலத்தில் அது இங்கிலாந்தில் கரையேறியபோது அடிப்பாகம் முழுக்கத் துருவும் பாசியும். டேவி அதில் நான்கு இரும்புக் கட்டிகளைப் பொருத்தினார். மொத்தப் பரப்பு, தாமிரத்தில் சுமார் 80-ல் 1 பங்கு. கப்பல் கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போய், 1825 ஜனவரியில் திரும்பியது. தாமிரம் நல்ல நிலையில் இருந்தது.

கடற்படைக்கு ஒரே சந்தோஷம். வரிசையாகக் கப்பல்களில் இரும்புக் கட்டிகள் ஏறின. அதற்குப் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது.

எங்கே தப்பு நடந்தது?

கட்டி பொருத்திய பல கப்பல்களில் தாமிரம் அரிக்கவில்லை. ஆனால் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் கொட்டலசும் சிப்பியும் ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் விழுந்தது. போர்க்கப்பலுக்கு வேகம் போனால் என்ன மிச்சம்?

காரணம் எளிமையானது, கொடுமையானதும்கூட. தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் உயிரினங்கள் ஒட்டவில்லை. கரைந்து வந்த தாமிரம் அவற்றுக்கு விஷம். டேவி கரைவதை நிறுத்தினார், விஷமும் நின்றது. போதாததற்கு, காக்கப்பட்ட தாமிரத்தின் மேல் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பும் மக்னீசியச் சேர்மமும் படிந்தன. கொட்டலசுக்கு அது போட்டுக்கொடுத்த மேடை மாதிரி ஆனது.

1825-லேயே கட்டிகளைக் கழற்றும் உத்தரவுகள் வர ஆரம்பித்தன. 1828 வாக்கில் கடற்படை இந்தத் திட்டத்தையே கைவிட்டது. பத்திரிகைகள் கிண்டல் செய்தன. அரசுப் பணத்தில் நடந்த, எல்லோரும் பார்த்த தோல்வி இது. இத்தனைக்கும் கடற்படை கேட்ட கேள்விக்கு டேவி சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி. தாமிரம் அரிக்கவே இல்லை. அந்த அரிப்பு கப்பலுக்கு ஒரு நன்மையும் செய்துகொண்டிருந்தது என்பதுதான் கணக்கில் வராமல் போனது.

1826 கடைசியில் டேவிக்குப் பக்கவாதம் வந்தது. 1827-ல் தலைவர் பதவியை விட்டார். உடம்பு தேற ஐரோப்பா முழுக்க அலைந்தார், மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1829 மே 29-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இறந்தார். வயது 50. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மண்ணுக்குள் கொட்டலசு கிடையாது

டேவி இறந்த அதே 1829-ல், அவருடைய உறவினரான எட்மண்ட் டேவி என்ற வேதியியலாளர் கடலில் மிதக்கும் இரும்பு மிதவைகளின் பாகங்களைத் துத்தநாகக் கட்டி வைத்துக் காப்பாற்றிக் காட்டினார். மிதவைக்கு வேகம் தேவையில்லையே! ஆனால் பெரிய திருப்பம் வர ஒரு நூற்றாண்டு ஆனது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் புதைக்கப்பட்டன. அவை அரித்து ஓட்டை விழ ஆரம்பித்தன. 1928-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர், எரிவாயுக் குழாய்க்கு வெளியிலிருந்து நேர்மின்னோட்டம் கொடுத்துப் பாதுகாத்தார். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட் அளவுக்கு வந்தால் இரும்பு பத்திரம் என்ற அளவுகோலும் அவர் வேலையிலிருந்து வந்தது. இன்றும் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பார்க்கும் எண் இதுதான். அதை அளக்கக் கையில் கொண்டுபோகும் கருவிக்குள் இருப்பது ஒரு தாமிரக் கம்பியும் மயில்துத்தக் கரைசலும்.

புதைத்த குழாய் எங்கும் ஓடப்போவதில்லை. அதன்மேல் கொட்டலசு ஒட்டப்போவதும் இல்லை. கப்பலில் டேவியைக் கவிழ்த்த பிரச்சினை மண்ணில் இல்லவே இல்லை. அதனால்தான் அதே யோசனை இங்கே ஜெயித்தது.

நம்ம கடற்கரையில் இது எப்படி வேலை செய்கிறது?

புதைத்த இரும்புக் குழாய் ஒரு பேட்டரி மாதிரி. ஒரு பகுதி நேர்மின்முனை ஆகிக் கரையும். இன்னொரு பகுதி எதிர்மின்முனை ஆகித் தப்பிக்கும். ஈர மண்தான் நடுவில் மின்னோட்டத்துக்கு வழி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அரிப்பு விசாரணையின் மொத்த வேலையும். செங்கல்பட்டு மாவட்டம் போன்ற நிலப்பரப்பில் பார்க்க வேண்டிய காரணங்கள் இவை:

*உப்பு:* கடலோர மணலில் உப்பு நீர் ஊறினால் மண்ணின் மின்தடை குறையும். மின்தடை குறைந்தால் அரிப்பு மின்னோட்டம் சுலபமாக ஓடும். நான்கு கம்பிகளை வரிசையாக மண்ணில் குத்தி இதை அளக்கலாம். 1,000 ஓம்-செ.மீ.க்குக் கீழே வந்தால் அது இரும்புக்குக் கடுமையான மண்.

*காற்று வித்தியாசம்:* குழாயின் ஒரு பகுதி காற்றோட்டமுள்ள மணலிலும், அடுத்த பகுதி ஏரிக் களிமண்ணிலும் இருந்தால், ஆக்சிஜன் குறைந்த களிமண் பகுதிதான் அரிக்கும். குழாயின் மேல்பக்கம் நன்றாக இருக்க, அடிப்பக்கம் மட்டும் ஓட்டை விழுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

*பாக்டீரியா:* பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம் போன்ற இடங்களில் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு சேறு இருக்கும். அந்த நாற்றம் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் இவை இரும்பை அரிக்க வைக்கும்.

*இரண்டு உலோகம்:* இரும்புக் குழாயோடு பித்தளை வால்வு நேரடியாகச் சேர்ந்தால் அது ஹெய்ல் மதகின் கதைதான். வீட்டில் ஜிஐ பைப்பும் பித்தளை இணைப்பும் சேரும் இடம் முதலில் போவதைப் பல பிளம்பர்கள் பார்த்திருப்பார்கள்.

*தப்பி ஓடும் மின்சாரம்:* நேர்மின்னோட்டத்தில் ஓடும் ரயில் பாதைகளிலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து, பக்கத்துக் குழாயில் ஏறி, வெளியேறும் இடத்தில் இரும்பைக் கரைக்கும். 1931-ல் சென்னை கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில்தான் தொடங்கியது. இப்போது செங்கல்பட்டு வரை ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் என்பதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு.

*உள்ளே ஓடும் தண்ணீர்:* கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அப்படியே விட்டால் அது குழாயின் உட்சுவரையே கரைக்கப் பார்க்கும். அதனால்தான் இப்படிப்பட்ட ஆலைகளில் கடைசிக் கட்டத்தில் சுண்ணாம்பு போன்ற தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம். மேலே சொன்ன மின் பாதுகாப்பு வெளிப்பக்கத்துக்குத்தான். உள்பக்கத்துக்கு சிமென்ட் பூச்சும் தண்ணீரின் தரமும்தான் காவல்.

காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து. முதல் காவல் குழாய்க்கு மேல் பூசும் நல்ல பூச்சு. பூச்சில் விழும் சின்னக் கீறல்களுக்கு இரண்டாவது காவல், டேவியின் முறை. எஃகுக் குழாயோடு கம்பியில் இணைத்து ஒரு உலோகக் கட்டியைப் பக்கத்து மண்ணில் புதைத்துவிடுவார்கள். உப்பு அதிகமுள்ள மண்ணில் துத்தநாகம் போதும். மின்தடை கூடுதலான உள்பகுதி மண்ணில் அதைவிட வலுவான தள்ளு தேவை. அங்கே பயன்படுவது 1808-ல் டேவி பிரித்தெடுத்த அதே மக்னீசியம். குழாய் மிக நீளம் என்றால் கூன் செய்ததுபோல வெளி மின்சாரம் கொடுப்பார்கள். அதையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும். அதிகமானால் ஹைட்ரஜன் உருவாகி, பூச்சையே குழாயிலிருந்து உரித்துவிடும்.

டேவியின் பழைய எதிரியும் இந்தக் கடற்கரையை விட்டுப் போகவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரை எடுக்கிறது. அந்த நீர் வரும் கடலடிச் சுரங்கத்தின் நீளம் சுமார் அரை கிலோமீட்டர். அதில் கொட்டலசும் சிப்பியும் வளராமல் இருக்க குளோரின் சேர்க்கிறார்கள். கல்பாக்கம் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் அரிப்பு ஆராய்ச்சிக்கென்றே ஒரு முகவரி உண்டு: காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடல்சார் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் இதற்குத் தனி மையமே இருக்கிறது.

பைப் மாற்றும் முன் கேட்க வேண்டியது

குழாயில் ஓட்டை விழுந்தால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? தோண்டி, அந்தத் துண்டை வெட்டி, புதுத் துண்டைப் பொருத்தி, மண்ணை மூடிவிடுவோம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய துருப்பிடித்த இரும்போடு பளபளப்பான புது இரும்பைச் சேர்த்தால், பெரும்பாலும் புதுத் துண்டுதான் நேர்மின்முனை ஆகிக் கரையும். பழைய குழாய் 30 ஆண்டு தாங்கிய இடத்தில் புதியது அதைவிட மிகச் சீக்கிரமே போகலாம். அப்போதும் பழி சரக்கின் மேல்தான் விழும்.

டேவிக்கு இது தெரிந்த பழிதான். 1824-ல் தாமிரத்தைக் குறை சொன்னபோது அவர் தகட்டை மட்டும் பார்க்காமல் தண்ணீரையும் சோதித்தார். அடுத்த ஆண்டு கடற்படை அவரைக் குறை சொன்னபோது, அவரே பார்க்காமல் விட்ட ஒன்று கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஈசிஆர் ஓரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பொருந்தும். உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஓட்டை உள்ளிருந்து விழுந்ததா, வெளியிலிருந்தா, மேலேயா, அடியிலா என்று முதலில் பாருங்கள். குழியின் மண்ணில் ஒரு பை எடுத்து வையுங்கள். பக்கத்தில் பித்தளை இணைப்போ வேறு உலோகமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். புது பைப்புக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கு அப்புறம்.